லைனர் தேயவில்லை, எலும்பு மட்டும் கரைகிறது: எங்கே தேடுவது?

இடுப்பு மூட்டு மாற்றிய இடத்தில் எலும்பு கரைந்து குழி விழுந்தால், பெரும்பாலும் செயற்கைக் கிண்ணத்துக்குள் பொருத்திய பாலிஎத்திலீன் (பிளாஸ்டிக்) லைனரிலிருந்து உதிர்ந்த துகள்தான் காரணம். ஆனால் பழியை அதன்மேல் போடும் முன் அளந்துவிடுங்கள். முதல் ஆண்டுப் படத்தையும் இன்றைய எக்ஸ்ரேயையும் ஒப்பிட்டு, கிண்ணத்துக்குள் சுழலும் உருண்டைத் தலை எத்தனை மி.மீ. இறங்கியிருக்கிறது என்று பார்த்து இடைப்பட்ட ஆண்டுகளால் வகுக்கவும். ஆண்டுக்கு 0.1 மி.மீ.க்கு மேல் என்றால் கணக்கு ஒத்துவருகிறது. 0.05க்கும் கீழே இருந்தும் பெரிய குழி என்றால், வேறு காரணம் தேடுங்கள்.

முதல் சந்தேகம் கிருமிமேல். அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளான ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் சரியாக இருப்பதால் மட்டும் விட்டுவிட வேண்டாம். தோலில் வாழும் கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் போல மெதுவாக வளர்பவை அவற்றை உயர்த்தாமலே இருக்கக்கூடும். நோயாளியின் நிலை இடம்கொடுத்தால் ஆன்டிபயாடிக்கை இரண்டு வாரம் நிறுத்திவிட்டு மூட்டு நீரை எடுக்கவும். மைக்ரோலிட்டருக்கு 3000க்கு மேல் வெள்ளணு, அதில் 80 சதவீதத்துக்கு மேல் நியூட்ரோஃபில் என்றால் சந்தேகம் வலுக்கிறது. கல்ச்சரை (கிருமி வளர்த்துப் பார்க்கும் சோதனையை) 14 நாள் வைக்கும்படி படிவத்திலேயே எழுதுங்கள். எழுதாவிட்டால் சில நாளிலேயே 'வளர்ச்சி இல்லை' என்று அறிக்கை வந்துவிடும். காசநோய்க் கிருமிக்குத் தனியே கேட்க வேண்டும்.

அடுத்து உலோகம். 2010இல் ஏ.எஸ்.ஆர். என்ற உலோக இடுப்பு மூட்டுகள் திரும்பப் பெறப்பட்டபின், உலோகத்தோடு உலோகம் உரசும் வகையை எல்லோரும் கவனிக்கிறார்கள். கவனத்திலிருந்து நழுவிப்போவது கோபால்ட்-குரோம் தலையும் பாலிஎத்திலீன் லைனரும் உள்ளவர்கள். அங்கே தலை, தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டின் கழுத்தில் பொருந்தும் கூம்பு அரிக்கிறது. ரத்தத்தில் கோபால்ட் லிட்டருக்கு 1 மைக்ரோகிராமைத் தாண்டி, குரோமியத்தைவிட இரு மடங்குக்கு மேல் இருந்தால் கூம்பைச் சந்தேகியுங்கள். உலோகக் கலப்பில்லாத சிறப்புக் குழாயில்தான் ரத்தம் எடுக்க வேண்டும். உலோக நிழலைக் குறைக்கும் எம்.ஆர்.ஐ.யில் மூட்டைச் சுற்றிய நீர்க்கட்டி தெரியும். இன்னொரு பொறி: இந்த நீரிலுள்ள துகளையும் சிதைந்த செல்லையும் இயந்திரம் வெள்ளணுவாக எண்ணிவிடும். மைக்ரோஸ்கோப்பில் கையால் எண்ணச் சொல்லுங்கள். இல்லாத தொற்றுக்கு மருந்து கொடுக்க நேராது.

தண்டின் மேல்முனையில் குழியே இல்லாமல் எலும்பு சன்னமாவது, பாரம் தண்டு வழியே போய்விடுவதால். பொதுவாகக் கண்காணித்தால் போதும்.

மூட்டு நீர் எட்டாத இடத்தில் குழி, புறணி (எலும்பின் கெட்டியான வெளி ஓடு) உடைப்பு, இரவு வலி இருந்தால் புற்றுப் பரவலையும், ரத்த அணுக்களில் தொடங்கும் புற்றுகளான மைலோமா, லிம்ஃபோமாவையும் நினையுங்கள். கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன், சீரம் புரத எலக்ட்ரோஃபோரிசிஸ் (ரத்தப் புரதங்களைப் பிரித்துப் பார்க்கும் சோதனை) மூன்றையும் பாருங்கள். கால்சியமும் அந்த ஹார்மோனும் சேர்ந்து உயர்ந்திருந்தால், குழி பாராதைராய்டு கோளாறால் வந்த பழுப்புக் கட்டியாகவும் இருக்கலாம்.

மறு அறுவையில் வெவ்வேறு இடங்களிலிருந்து ஐந்து திசுத் துண்டுகள் எடுத்து, ஒவ்வொன்றையும் தனி டப்பாவில் கல்ச்சருக்கு அனுப்பவும். திசு ஆய்வுக்கு வேறு துண்டு. ஃபார்மலினில் விழுந்த துண்டில் எந்தக் கிருமியும் வளராது.