வெளியூர் மெட்ரோவில் ஏறும் முன்: ஒரு சீட்டு எதுவரை செல்லும்?

சென்னை மெட்ரோவில் ஏறி இறங்கிப் பழகியவருக்குத் தில்லியிலோ மும்பையிலோ ஏறுவது பெரிய காரியமாகத் தோன்றாது. வண்டி, தானியங்கிக் கதவு, அறிவிப்பு எல்லாம் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. ஆனால் இவற்றை நடத்துகிறவர்கள் வேறு வேறு. 1984இல் நாட்டிலேயே முதலாவதாகத் தொடங்கிய கொல்கத்தா மெட்ரோ ரயில்வே அமைச்சகத்தின் கீழ் ஓடுகிறது. தில்லி, சென்னை, பெங்களூரு மெட்ரோக்கள் மத்திய, மாநில அரசுகளின் கூட்டு நிறுவனங்கள். மும்பையிலோ ஒரே நகருக்குள் மூன்று நிறுவனங்கள் வழித்தடங்களைப் பிரித்து நடத்துகின்றன. ஆகவே வரைபடத்தில் வழித்தடத்தின் நிறத்தைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், கையிலுள்ள சீட்டு எந்த நிலையம் வரை செல்லும் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதற்கும் முன்னால், நீங்கள் வந்திறங்கும் இடத்தில் மெட்ரோ இருக்கிறதா என்று பாருங்கள். புது தில்லி நிலையத்தில் இறங்குகிறவர் அஜ்மேரி கேட் பக்கமாக வெளியேறினால் மஞ்சள் வழித்தடமும் விமான நிலைய விரைவு வழித்தடமும் அருகிலேயே கிடைக்கும். பகாட்கஞ்ச் பக்கம் வெளியேறினால் பெட்டியுடன் சுற்றி நடக்க நேரும். திருக்குறள் எக்ஸ்பிரஸில் நிஜாமுதீன் சேருகிறவருக்கு அருகில் இருப்பது பிங்க் வழித்தடம். பெங்களூருவில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: விசுவேசுவரய்யா முனையத்தில் இறங்கிவிட்டு, அதுவும் பையப்பனஹள்ளிதானே என்று அதே பெயருள்ள மெட்ரோ நிலையத்தைத் தேடுவார்கள். இரண்டும் அடுத்தடுத்த கட்டடங்கள் அல்ல. இடையே பேருந்தோ ஆட்டோவோ பிடிக்க வேண்டும். கொல்கத்தாவில் நிலைமை நேர்மாறு. ஹூக்ளி ஆற்றின் அடியில் சுரங்கம் அமைத்து 2024இல் திறக்கப்பட்ட பகுதியும் அதன் பின் நிறைவடைந்த இணைப்பும் சேர்ந்து, ஹௌராவிலிருந்து சியால்தாவுக்கு வண்டி மாறாமலே போக வழி செய்துவிட்டன. இரண்டு ரயில் நிலையங்களுக்கும் நடுவே டாக்ஸிக்காரரோடு பேரம் பேசியவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். விமானத்தில் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது: சென்னை, தில்லி, மும்பை, கொல்கத்தா விமான நிலையங்களில் மெட்ரோ உண்டு, பெங்களூரு, ஹைதராபாத், கொச்சி விமான நிலையங்களில் இல்லை.

அடுத்து அட்டை. 2019இல் அறிமுகமான தேசியப் பொதுப் பயண அட்டை ரூபே வகையைச் சேர்ந்தது. சென்னையில் 'சிங்காரச் சென்னை' என்ற பெயரில் வழங்கப்படுவதும் இதுதான். தில்லி, பெங்களூரு மெட்ரோக்களிலும் மும்பையின் சில வழித்தடங்களிலும் இது செல்லும் என்பதால், அடிக்கடி ஊர் மாறுகிறவருக்கு வரிசையில் நிற்கும் வேலை மிச்சமாகும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பயணக் கட்டணம் வங்கிக் கணக்கிலிருந்து அல்லாமல், அட்டையின் சில்லிலேயே (சிப்) பதிந்திருக்கும் தொகையிலிருந்துதான் கழிக்கப்படுகிறது. கைபேசி வழியாகப் பணம் போட்ட கையோடு நிலையத்தின் நுழைவுக் கதவில் வைத்தால் அது திறக்காமல் போகலாம். நிலையத்திலுள்ள கருவியிலோ கவுண்ட்டரிலோ அட்டையை ஒருமுறை வைத்து, புதிய தொகையைச் சில்லில் ஏற்றிக்கொள்ள வேண்டும். அட்டை தொலைந்தால் சில்லில் உள்ள தொகை பெரும்பாலும் திரும்பாது. ஆகையால் அதில் தேவைக்கு மேல் போட்டு வைப்பது புத்திசாலித்தனம் அல்ல. ஒருவர் அட்டையில் இருவர் நுழையவும் முடியாது.

வழித்தடம் மாறும்போது பெரும்பாலான நகரங்களில் கதவைத் தாண்டி வெளியே வரத் தேவையில்லை. ஆலந்தூரிலும், பெங்களூரு மெஜஸ்டிக்கிலும், தில்லி ராஜீவ் சௌக்கிலும் அப்படித்தான். ஆனால் தில்லியின் நீல வழித்தடத்திலிருந்து நொய்டா மெட்ரோவுக்கு மாறுகிறவர் 52ஆம் செக்டார் நிலையத்தில் வெளியேறி, 51ஆம் செக்டார் நிலையத்துக்கு நடந்து சென்று மீண்டும் நுழைய வேண்டும். மும்பையில் முதல் வழித்தடத்திலிருந்து ஏழாவது வழித்தடத்துக்கோ மூன்றாவது வழித்தடத்துக்கோ மாறுவதும் ஏறத்தாழ இதே கதைதான்; 'மும்பை ஒன்' செயலியில் இவற்றுக்கான சீட்டுகளைச் சேர்த்தே எடுத்துக்கொள்ளலாம்.

மும்பையைப் பற்றிப் பேசும்போது மெட்ரோவோடு நிறுத்த முடியாது. அந்நகரத்தின் உண்மையான பயணம் லோக்கல் ரயிலில்தான் நடக்கிறது. நடைமேடைப் பலகையில் போய்ச் சேரும் ஊரின் சுருக்க எழுத்தும், 'எஸ்' அல்லது 'எஃப்' என்ற குறியும், 12 அல்லது 15 என்று பெட்டிகளின் எண்ணிக்கையும் தெரியும். 'எஸ்' எல்லா நிலையங்களிலும் நிற்கும். 'எஃப்' பலவற்றைத் தாண்டிப் போய்விடும். மாலை நெரிசலில் போரிவலியிலோ அந்தேரியிலோ இறங்க வேண்டியவர் அவற்றையும் தாண்டி விரார் வரை போகும் விரைவு வண்டியில் ஏறாமல் இருப்பதே நல்லது. நெடுந்தூரம் போகிறவர்கள் வாசலை அடைத்து நிற்பதால் இறங்கவே விடாமல் போகக்கூடும். முதல் வகுப்புப் பெட்டியும் பெண்கள் பெட்டியும் சாதாரணப் பெட்டிகளுக்கு நடுநடுவே வரும்; வெளிப்புறத்துப் பட்டைக் கோடுகளைப் பார்க்காமல் அவசரத்தில் ஏறியவர்களிடம் அபராதம் வசூலிப்பார்கள். தில்லி மெட்ரோவில் பெண்களுக்கான பெட்டி வண்டி செல்லும் திசையில் முதலாவதாக இருக்கும் என்பதால் அங்கே இந்தக் குழப்பம் குறைவு.

ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலையோ விமானத்தையோ பிடிக்க மெட்ரோவை நம்பியிருப்பவர், முதல் வண்டியின் நேரத்தை முந்தைய நாளே பார்த்து வைக்க வேண்டும். பெங்களூருவில் அன்று 7 மணிக்கும், கொல்கத்தாவின் பழைய வடக்கு–தெற்கு வழித்தடத்தில் 9 மணிக்கும்தான் சேவை தொடங்குவது வழக்கம்.