லாசரஸ் தீவுக் கடற்கரைக்குப் போவது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கு

செந்தோசா கூட்டமும் ஈஸ்ட் கோஸ்ட் பார்பிக்யூ புகையும் அலுத்துப்போனவர்கள் சிங்கப்பூரில் அடுத்து விசாரிக்கும் பெயர் லாசரஸ் தீவு. பிறை போல வளைந்த ஒரு குடா, வெண்மணல், பெரும்பாலும் அலையே இல்லாத தண்ணீர். மரினா சவுத் படகுத்துறையிலிருந்து அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம், அப்புறம் கொஞ்சம் நடை. போவது சுலபம்தான். திரும்பி வருவதைத்தான் யோசித்துச் செய்ய வேண்டும். அதனால் இந்த விளக்கத்தைப் பின்பக்கத்திலிருந்து தொடங்குகிறேன்.

படி 1: திரும்பும் படகைத்தான் முதலில் பாருங்கள்

எல்லாரும் காலையில் எத்தனை மணிக்குப் படகு என்றுதான் தேடுகிறார்கள். நீங்கள் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று தேடுங்கள். வார நாட்களில் சேவை குறைவு, கடைசிப் படகும் வார இறுதியை விடச் சீக்கிரமே கிளம்பிவிடும். சனி, ஞாயிறுகளில் படகு அதிகம், கூட்டமும் அதிகம். நேர அட்டவணையை நான் இங்கே எழுதப்போவதில்லை, அது அடிக்கடி மாறுகிறது. கிளம்புவதற்கு முந்தைய நாள் படகு நிறுவனத்தின் இணையதளத்தில் பார்த்து, திரும்பும் நேரங்களைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

என் வழக்கம், கடைசிப் படகை மறந்துவிட்டு அதற்கு முந்தையதில் திரும்புவது. கடைசிப் படகு என்பது காப்பீடு மாதிரி. இருக்க வேண்டும், பயன்படுத்த நேரக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை கடைசிப் படகுக்கு நிற்கும் வரிசையை ஒருமுறை பார்த்தால் நான் சொல்வது புரியும்.

படி 2: கடலின் ஏற்ற இறக்கம்

இதைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். சிங்கப்பூர்க் கடலில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம். உச்ச ஏற்றத்திலிருந்து இறக்கத்துக்குச் சுமார் ஆறு மணி நேரம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வித்தியாசம் பெரிது, ஏறக்குறைய மூன்று மீட்டர் வரை போகும். மற்ற நாட்களில் அவ்வளவு தெரியாது.

நீந்த வேண்டுமென்றால் ஏற்றம் உச்சத்துக்கு வரும் நேரத்தை ஒட்டிக் கடற்கரையில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல இறக்கத்தில் போனால் முழங்கால் தண்ணீரில் வெகுதூரம் நடந்துகொண்டிருப்பீர்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அதுவே கொண்டாட்டம், பெரியவர்களுக்குத்தான் ஏமாற்றம். ஏற்ற இறக்க அட்டவணையைத் தேசிய சுற்றுப்புற வாரியத்தின் வானிலைத் தளத்தில் பார்க்கலாம். வீட்டில் தமிழ் நாட்காட்டி மாட்டியிருப்பவர்களுக்கு அமாவாசை எப்போது என்று தேட வேண்டிய வேலையும் இல்லை.

படகு நேரம், ஏற்ற நேரம் இரண்டையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகும் நாளைத் தேர்ந்தெடுங்கள். ஒத்துப்போகாவிட்டால் அடுத்த வாரம் போகலாம், கடல் எங்கேயும் ஓடிவிடாது.

படி 3: பயணச்சீட்டு

வடக்கு தெற்கு ரயில் பாதையின் தெற்குக் கோடி நிலையம் மரினா சவுத் பியர். வெளியே வந்தால் படகுத்துறை எதிரிலேயே தெரியும். பேருந்து என்றால் 402.

பெரியவர்களுக்குப் போக, வர சேர்த்துச் சுமார் 15 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் ஐலண்ட் குரூஸ், மரினா சவுத் ஃபெர்ரிஸ் என்று இரண்டு நிறுவனங்கள் படகு விடுகின்றன. ஒன்றின் சீட்டு இன்னொன்றில் செல்லாது. எந்த நிறுவனத்தில் வாங்கினீர்களோ அதன் படகில்தான் திரும்ப வேண்டும். இரண்டில் எது நல்லது என்று என்னைக் கேட்டால், நிறுவனத்தைப் பார்க்காதீர்கள், திரும்பும் நேரம் எதில் உங்களுக்குப் பொருந்துகிறதோ அதில் வாங்குங்கள் என்பேன்.

படகு கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பே அங்கே இருப்பது நல்லது. வார இறுதி என்றால் இன்னும் கொஞ்சம் முன்னால்.

படி 4: எங்கே இறங்குவது, எந்தப் படகில் ஏறுவது

குழப்பமெல்லாம் இங்கேதான், எனக்கும் இது பிடிபட நேரமானது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் போவது லாசரஸ் தீவுக்கு. ஆனால் இந்தப் படகு உங்களை இறக்கிவிடுவது செயிண்ட் ஜான்ஸ் தீவில். அட்டவணையில் லாசரஸ் என்ற பெயரைத் தேடிக் காணாமல் கவுண்டரில் திகைத்து நிற்பவர்கள் உண்டு. இரண்டு தீவுகளையும் ஒரு தரைப்பாலம் இணைக்கிறது. செயிண்ட் ஜான்ஸில் இறங்கி, அந்தப் பாலத்தைக் கடந்து நடந்தால் லாசரஸ்.

அடுத்தது கூசு தீவு. படகு சுற்றுப்பாதையில் ஓடுகிறது: மரினா சவுத், செயிண்ட் ஜான்ஸ், கூசு, மறுபடி மரினா சவுத். போகும்போது முதல் நிறுத்தத்திலேயே இறங்கிவிட வேண்டும். தூக்கக் கலக்கத்தில் உட்கார்ந்திருந்தால் கூசு போய்விடுவீர்கள். கூசு அழகான தீவுதான், ஆமைகளும் சீனக் கோயிலும் இருக்கின்றன. ஆனால் அங்கிருந்து லாசரஸுக்கு நடந்து வர முடியாது.

திரும்பும்போது நிலைமை தலைகீழ். படகு கூசுவில் நிற்கும், பாதிப் பேர் எழுந்து இறங்குவார்கள். கூட்டத்தைப் பார்த்து நீங்களும் இறங்கிவிடாதீர்கள். அது கடைசிப் படகாக இருந்தால் சங்கடம்.

செயிண்ட் ஜான்ஸ் துறையிலிருந்து கடற்கரைக்கு நிதானமாக நடந்தால் 15 நிமிடம். வழியெல்லாம் பலகைகள் இருக்கின்றன, தரை சமமாகப் போடப்பட்டிருக்கிறது. பாலத்தின் மேல் மட்டும் நிழலே கிடையாது. அந்தச் சின்னத் தூரத்துக்குக் குடை விரிக்க வெட்கப்படாதீர்கள்.

நடக்கும்போது ஒரு விஷயம் தெரிந்திருந்தால் நல்லது. இந்த செயிண்ட் ஜான்ஸில் 1874ஆம் ஆண்டு தொற்றுநோய்த் தடுப்பு முகாம் அமைத்தார்கள். காலரா பயம் அப்போது. அதற்குப் பிந்தைய பல பத்தாண்டுகள், தமிழ்நாட்டுத் துறைமுகங்களிலிருந்து கப்பலின் மேல்தளத்தில் இடம் பிடித்து வந்த பயணிகள் சிங்கப்பூர் மண்ணில் கால் வைப்பதற்கு முன் இங்கே நாள்கணக்கில் காத்திருந்தார்கள். பிற்பாடு அரசியல் கைதிகளையும் இங்கே அடைத்தார்கள். சிங்கப்பூரின் மூன்றாவது அதிபராக வந்த தேவன் நாயர் 1951இல் இங்கே கைதியாக இருந்தார். இன்று துறையில் நம்மை வரவேற்பது பூனைகள். நிறைய பூனைகள்.

படி 5: பையில் என்ன

தண்ணீர். ஆளுக்கு இரண்டு லிட்டர். கடற்கரைப் பக்கம் சின்னக் கடை ஒன்று இருக்கிறது, ஆனால் அது திறந்திருக்கும் என்று நம்பிக் குடும்பத்தைக் கூட்டிப் போகாதீர்கள்.

சாப்பாடு விஷயத்தில் என் கருத்து உறுதியானது: புளிச்சோறு. வெயிலில் கெடாது, சூடாக்க வேண்டாம், ஒரு கரண்டி போதும். தேங்காய்ச் சட்னி பக்கமே போகாதீர்கள், மதியத்துக்குள் புளித்துவிடும். உணவங்காடியில் நாசி லெமாக் பொட்டலம் வாங்கிப் போகிறவர்கள் அதைச் சீக்கிரமே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். அதிலும் தேங்காய்ப்பால்தான்.

துண்டுக்குப் பதில் கைலி எடுத்துப் போங்கள். தேக்காவில் கிடைக்கும் சாதாரணப் பருத்திக் கைலி போதும். துடைத்துக்கொள்ளலாம், சுற்றிக்கொண்டு உடை மாற்றலாம், மணலில் விரிக்கலாம், இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டினால் நிழல். கால் மணி நேரத்தில் காய்ந்துவிடும். கனமான குளியல் துண்டு நனைந்தால் வீடு வரும்வரை பையில் பாரம்.

காலுக்கு ரப்பர்ச் செருப்பு வேண்டாம். நீரில் இறங்கும்போதும் கழற்றத் தேவையில்லாத, அடிப்பாகம் தடித்த காலணி வேண்டும். நம் கடலோரப் பாறைகளிலும் மணலிலும் கல்மீன் இருக்கிறது. பார்த்தால் கல் போலவே தெரியும், முதுகில் நஞ்சு முள். இதற்காகப் பயந்துபோய் வீட்டிலேயே இருக்க வேண்டியதில்லை, வெறுங்காலோடு பாறைப் பக்கம் போகாமல் இருந்தால் போதும்.

மணல் ஈ இன்னொரு தொல்லை. கடிக்கும்போது தெரியாது, மறுநாள் அரிக்கும். கொசு மருந்தைக் கணுக்காலிலிருந்து முழங்கால் வரை தாராளமாகத் தடவுங்கள். ஈர மணலில் நேரடியாக உட்காராதீர்கள்.

வெறும் குப்பைப் பை இரண்டு. கொண்டுபோன பொட்டலம், புட்டி எல்லாமே உங்களோடு திரும்பி வர வேண்டும்.

படி 6: தண்ணீரில் இறங்கும் முன்

இங்கே உயிர்காப்பாளர் கிடையாது. குடா அமைதியாக இருப்பதால் இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நிலம் அணைத்திருக்கும் வரைதான் அந்த அமைதி. குடாவின் வாயைத் தாண்டினால் நீரோட்டம் வேறு, படகுகள் வேகமாகப் போகும். வாய்ப்பக்கம் நீந்திப் போகாதீர்கள். பிள்ளைகளை எட்டிப் பிடிக்கும் தூரத்திலேயே வைத்திருங்கள், மிதவை வளையத்தை நம்பிக் கைப்பேசியைப் பார்க்க வேண்டாம்.

ஜெல்லிமீன் சில நேரம் வரும். ஒரு சின்னப் புட்டி வினிகர் எடுத்துப் போவது நல்லது. சுட்ட இடத்தில் தேய்க்காமல் வினிகரை ஊற்றுங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ இருந்தால் உடனே ஆம்புலன்ஸுக்கு 995.

அப்புறம் இடி. சிங்கப்பூரில் ஆண்டுக்கு 160 நாட்களுக்கு மேல் இடி இடிக்கிறது. ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் மதியத்துக்கு மேல் பெரும்பாலும் மின்னலோடு மழை. அந்த மாதங்களில் காலைப் படகில் போய் மதியத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் தொடங்கி நவம்பர் வரை விடியற்காலையிலும் முற்பகலிலும் சுமத்ரா சூறைக்காற்று அடிப்பதும் உண்டு, அது மேற்கிலிருந்து வந்து ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். தேசிய சுற்றுப்புற வாரியத்தின் மைஇஎன்வி (myENV) செயலியில் மழை வரைபடம் இருக்கிறது. நான் மற்ற வானிலைச் செயலிகளைக் கைப்பேசியிலிருந்து நீக்கிவிட்டேன், இது ஒன்றே போதும். முதல் இடி கேட்டதும் தண்ணீரைவிட்டு வெளியேறுங்கள். தனி மரத்தடியில் ஒதுங்காதீர்கள்.

பிறகு சேர்த்தவை

படித்தவர்கள் கேட்ட சில கேள்விகளால் இந்தப் பகுதி வளர்ந்துகொண்டே போகிறது.

தள்ளுவண்டி கொண்டுபோகலாமா என்று ஓர் அக்கா கேட்டிருந்தார். நடைபாதை முழுக்க ஓடும், மணலில்தான் நிற்கும். பெரிய சக்கர வண்டியை விட மடக்கிக் கையில் தூக்கக்கூடியது நல்லது. படகில் ஏறும்போது எப்படியும் தூக்கத்தான் வேண்டும்.

அம்மாவைக் கூட்டிப் போகலாமா, முழங்கால் வலி இருக்கிறது என்று இன்னொருவர். நடை பிரச்சினை இல்லை, இடையில் உட்கார்ந்து உட்கார்ந்து போகலாம். படகில் ஏறி இறங்கும் நேரத்தில்தான் படகு ஆடும், ஒருவர் முன்னால் இறங்கிக் கை கொடுக்க வேண்டும். அப்படிப்பட்டவர்களோடு போகும்போது வார நாளில் போங்கள், பின்னாலிருந்து யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

அமைதியாக இருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள், போனால் ஒரே பாட்டுச் சத்தம் என்று ஒரு தம்பி கோபித்துக்கொண்டார். நியாயம்தான். சனி, ஞாயிறு மதியத்தில் சொகுசுப் படகுகள் குடாவுக்குள் வந்து நங்கூரமிடும், ஒவ்வொன்றிலும் ஒரு ஒலிபெருக்கி. அமைதிதான் வேண்டுமென்றால் செவ்வாய், புதன் விடுப்பு எடுங்கள். வார இறுதியை விட்டால் வழியில்லை என்பவர்கள் முதல் படகில் போய், அந்தச் சொகுசுப் படகுகள் வந்து சேரும்போது கிளம்பிவிடுங்கள்.

கூசு யாத்திரை மாதம் பற்றியும் கேட்டிருந்தார்கள். சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதம், பெரும்பாலும் அக்டோபரை ஒட்டி வரும். கூசு கோயிலுக்குக் கூட்டம் குவிவதால் படகு நேரங்கள் மாறும், வரிசை நீளும். முதல்முறை போகிறவர்கள் அந்த மாதத்தை விட்டுவிட்டு வேறு நாள் பாருங்கள். அந்த மாதத்தில்தான் போயாக வேண்டும் என்றால், செயிண்ட் ஜான்ஸிலிருந்து திரும்பும் படகு எத்தனை மணிக்கு என்று சீட்டு வாங்கும்போதே கவுண்டரில் வாய்விட்டுக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.