விக்டோரியா காலத்து ஸ்காட்லாந்துக் குடும்பத்தைக் கணக்கெடுப்பில் தேடுவது எப்படி?

ஸ்காட்லாந்தில் 1841 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, வீடு வீடாக, பெயர் பெயராக இருக்கிறது. ஸ்காட்லண்ட்ஸ்பீப்பிள் என்ற அரசுத் தளத்தில் மூலப் பக்கங்களைப் படமாகவே பார்க்கலாம்.

படி 1: பின்னாலிருந்து தொடங்குங்கள். 1901 கணக்கெடுப்பு மார்ச் 31 அன்று நடந்தது. ராணி இறந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அங்கே குடும்பத்தைப் பிடித்து 1891, 1881 என்று இறங்கி வாருங்கள். எடுத்த எடுப்பில் 1841-க்குப் போனால் ஒரே பெயரில் பத்துப் பேர் நிற்பார்கள், யார் நம்மவர் என்று தெரியாது.

படி 2: பெயரைத் தளர்த்தித் தேடுங்கள். குடும்பப் பெயரின் தொடக்கத்தில் வரும் 'மக்' என்பதை ஒருவர் ஒரு எழுத்தோடும் (M') இன்னொருவர் மூன்று எழுத்தோடும் (Mac) எழுதியிருப்பார். ஜேனட் என்பவள் அடுத்த கணக்கெடுப்பில் ஜெஸ்ஸியாக இருப்பாள். பீட்டரும் பேட்ரிக்கும் ஒரே ஆளாக இருக்கலாம். சந்தேகமான எழுத்துக்குப் பதில் நட்சத்திரக் குறி போடுங்கள். விதவைகள் பிறந்த வீட்டுப் பெயருக்குத் திரும்புவது அங்கே வழக்கம், அதையும் போட்டுப் பாருங்கள்.

படி 3: பட்டியலோடு நிற்காமல் படத்தைத் திறந்து முழு வீட்டையும் படியுங்கள். 1851 முதல் குடும்பத் தலைவரோடு உறவு, வயது, தொழில், பிறந்த ஊர் எல்லாம் உண்டு. உறவு தலைவருக்கு உரியது என்பதை மறக்கவே கூடாது. 'மகன்' என்றால் அவருடைய மகன். பக்கத்தில் இருக்கும் மனைவி சிற்றன்னையாக இருக்கலாம். 'மருமகன்' என்பதற்கான ஆங்கிலச் சொல்லை (son-in-law) அந்தக் காலத்தில் மனைவிக்கு முந்தைய கணவர் மூலம் பிறந்த பிள்ளைக்கும் எழுதினார்கள். இதைக் கவனிக்காமல் வம்சாவளியைக் கோணலாகப் போட்டவர்கள் நிறைய.

பிள்ளைகளின் பிறந்த ஊர்தான் புதையல். மூத்தவன் பான்ஃபில், அடுத்தவள் அபர்டீனில், கடைக்குட்டி டண்டீயில் என்றிருந்தால், குடும்பம் வேலை தேடி இடம்பெயர்ந்த பாதையும் ஏறக்குறைய எந்த ஆண்டில் என்பதும் கிடைத்துவிடுகிறது. 1861 முதல் கடைசி நிரலில் ஒரு சிறு எண் இருக்கும்: சன்னல் உள்ள அறைகளின் எண்ணிக்கை. எட்டு உயிரும் ஒரு குடிக்கூலியாளும் ஒரே அறையில் என்ற வரியைக் கிளாஸ்கோப் பக்கங்களில் பார்த்தால் கண் அங்கேயே நின்றுவிடும். மேட்டுநிலப் பகுதிக் குடும்பம் என்றால் 1881 முதல் அந்தப் பகுதி மொழியான கேலிக் பேசுவோர் குறிப்பையும் பாருங்கள்.

படி 4: வயதை நம்பாதீர்கள். 1841-இல் பதினைந்து வயதுக்கு மேற்பட்டோரின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொன்னார்கள். 30 என்றால் 34 ஆகவும் இருக்கலாம். உறவு நிரலும் அதில் கிடையாது. ஒரே வீட்டில் இருக்கும் இருவர் கணவன் மனைவியா, அண்ணன் தங்கையா என்று ஊகித்துத்தான் சொல்ல வேண்டும். பிந்தைய கணக்கெடுப்புகளிலும் பத்தாண்டில் ஏழு வயதே கூடிய பெண்கள் உண்டு. கணக்கெடுத்த இரவில் கடலில் இருந்த மீனவர் வீட்டில் விடுபட்டிருப்பார். இறந்துவிட்டார் என்று முடிவு கட்டாதீர்கள்.

படி 5: சான்றிதழால் சரிபாருங்கள். 1855 ஜனவரி 1 முதல் ஸ்காட்லாந்தில் கட்டாயப் பதிவு வந்தது. திருமணச் சான்றிதழில் இரு வீட்டுத் தாய்தந்தையர் பெயரும், தாயின் பிறந்த வீட்டுப் பெயரோடு இருக்கும். கணக்கெடுப்பில் தாயாக நினைத்தவளும் இதில் உள்ள தாயும் ஒருவர்தானா என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகப் பாருங்கள். பொருந்தாத பிள்ளை இருந்தால் படி 3-க்குத் திரும்பி, தந்தையின் முதல் மனைவியைத் தேடுங்கள்.