வயிறு வலிக்கிறது, கோளாறு வேறெங்கோ

வயிற்றுவலி என்றால் நம் வீடுகளில் முதலில் ஓம வாட்டர், அப்புறம் கேஸ் மாத்திரை, அதுவும் கேட்காவிட்டால் தெருமுனை கிளினிக்கில் ஓர் ஊசி. பெரும்பாலும் இதிலேயே அடங்கிவிடுவதால்தான் அடங்காத வலிகளில் ஏமாந்துபோகிறோம். ஆள் துடிக்கிறார், கையை வைத்து அழுத்தினால் வயிறு மெத்தென்று இருக்கிறது, ஸ்கேனிலும் ஒன்றுமில்லை. "கேஸ்தான், போங்க" என்று அனுப்பிவைக்கிற தவறு நடப்பது இங்கேதான்.

கட்டுவிரியனை எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி தரையில் பாய் விரித்துத் தூங்குகிறவரை இது கடித்தால் பல நேரம் வலிக்காது, வீங்காது, பல் தடமும் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி என்று எழுவார், வீட்டில் நேற்றுச் சாப்பிட்ட பரோட்டாவைத் திட்டிக்கொண்டிருக்கும்போதே இமை தொங்கும், எச்சில் விழுங்க முடியாது, மூச்சு திணறும். ஆகவே இப்படி ஒருவர் வந்தால் வயிற்றைத் தொடுமுன் கண்ணைப் பாருங்கள். இரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் 20 நிமிடச் சோதனை சரியாக இருக்கிறது, அதனால் விஷமில்லை என்று முடிவுகட்டுவது அடுத்த தவறு: அது இரத்தத்தை உறையவிடாத கண்ணாடி விரியனைக் காட்டிக்கொடுக்கும், கட்டுவிரியன் விஷமோ நரம்பைத் தாக்குவது. விஷமுறிவு மருந்தும் சீக்கிரம் வேண்டும், பக்கத்தில் வென்டிலேட்டரும் வேண்டும். கைகால் அசையாமல், கண்மணி விரிந்து கிடப்பவரை மூளைச்சாவு என்று கைவிட்டுவிடாதீர்கள். உள்ளே நினைவு இருக்கலாம். செயற்கை மூச்சில் சில நாள் தாக்குப்பிடித்து எழுந்து உட்கார்ந்தவர்கள் உண்டு.

குழந்தை வாந்தி, வயிற்றுவலி என்று சுருண்டால் தொக்கம் எடுக்கக் கூட்டிப்போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கொஞ்ச நாளாகவே ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர், உடம்பு இளைப்பு, இப்போது மூச்சு ஆழமாக வாங்குகிறது என்றால் அது முதல்முறை வெளிப்படும் சர்க்கரை நோயாக இருக்கலாம். விரலில் ஒரு குத்து போதும். அதைக்கூடச் செய்யாமல், சோர்வாக இருக்கிறதே என்று குளுக்கோஸ் ஏற்றுவதைப்போல மோசமான வைத்தியம் கிடையாது. உப்புநீர் டிரிப்ஸும் இன்சுலினும் ஏறி, இரத்தத்தில் சேர்ந்த அமிலம் குறைந்ததும் வலி பெரும்பாலும் அடங்கும். அடங்கவில்லையா, அப்போது குடல்வால் அழற்சியைத் தேடுங்கள். அதுவே சர்க்கரையை எகிறவைத்திருக்கலாம்.

பெரியவர்களுக்கு மேல்வயிற்றில் எரிச்சல், கூடவே குப்பென்று வியர்வை என்றால் சோடாவைத் தேடாமல் இசிஜி எடுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு நெஞ்சுவலியே இல்லாமலும் வரும், முதல் இசிஜி நன்றாக இருந்தாலும் வலி நீடித்தால் திரும்ப எடுக்க வேண்டும். பையன்கள் வெட்கப்பட்டு அடிவயிறு என்று மட்டும் சொல்வார்கள். முறுக்கிக்கொண்ட விரைக்குச் சுமார் 6 மணி நேரம்தான் கெடு, டவுசரைக் கழற்றிப் பார்க்காத வயிற்றுப் பரிசோதனை அரைகுறைதான்.

போர்ஃபிரியா, அதாவது இரத்தச் சிவப்புக்கு வேண்டிய ஹீம் என்ற பொருளை உடம்பு தயாரிப்பதில் வரும் கோளாறு, அபூர்வம். இளம்பெண், மாதவிலக்கை ஒட்டித் தாங்கமுடியாத வலி, எல்லா ஸ்கேனும் சுத்தம், கடைசியில் "நடிக்கிறாள்" என்று பட்டம். அவளுடைய சிறுநீரை வெளிச்சத்தில் வைத்தால் கருஞ்சிவப்பாகலாம். அந்தத் தயாரிப்பில் பாதியில் தேங்கிச் சிறுநீரில் இறங்கும் போர்போபிலினோஜனுக்கான சோதனையை வலி இருக்கும்போதே செய்ய வேண்டும், வலி போனபின் அளவு இறங்கியிருக்கலாம். வயிற்றுவலி என்றால் பட்டினி போடுவது நம் வழக்கம், இந்த நோயிலோ பட்டினியே வலியைத் தூண்டிவிடும். ஹீமை ஈடுகட்டும் ஹீமின் ஊசி கிடைக்கும்வரை, அந்தக் குழந்தைக்கு வேண்டாம் என்ற அதே குளுக்கோஸ் பாட்டில்தான் இவளுக்கு மருந்து.