முடிக்கு அயர்ன் போடுறதுக்கு முன்னாடி

சித்திரைத் திருவிழா வந்தா போதும், எங்க தெருப் பொண்ணுங்க ஸ்ட்ரெய்ட்னரும் கையுமா அலைவாங்க, அப்புறம் முடி வைக்கோல் மாதிரி ஆயிருச்சுக்கான்னு எங்கிட்ட வந்து நிப்பாங்க. மொதல்ல கேக்குறது, ஈர முடில போடலாமாக்கா? கூடவே கூடாதும்மா. தண்ணி 100 டிகிரில கொதிக்கும், மெஷின் அதவிட சூடு, முடிக்குள்ள இருக்குற ஈரம் ஆவியாகி குமிழ் குமிழா வெடிச்சு அந்த எடத்துலயே ஒடிஞ்சிரும். 'உஸ்'ஸுன்னு சத்தம் கேட்டா உடனே எடுத்துருங்க.

ஹீட் ப்ரொடெக்டன்ட் ஸ்ப்ரே எதுக்கு, தேங்காண்ணெய் பத்தாதான்னு அடுத்த கேள்வி. எண்ணெய குளிக்கிறதுக்கு முந்துன ராத்திரி தேய்ங்க, நல்லது, ஆனா தேய்ச்ச தலையோட அயர்ன் போட்டா பொசுங்குற வாடைதான் வரும். ஸ்ப்ரேல இருக்குற சிலிக்கோன் முடிமேல மெல்லிசா படிஞ்சு சூட்ட கொஞ்சம் மெதுவா உள்ள எறக்கும், அவ்ளோதான், கவசகுண்டலம்லாம் இல்ல. அடிச்சிட்டு காய விடணும். மெல்லிசு முடிக்கு 150, அடர்த்தியான முடிக்கு 180 டிகிரி தாண்ட வேணாம். டிகிரியே காட்டாத மெஷின சீப்பா இருக்குன்னு வாங்கித்தான் என் முன்முடி போச்சு.

எங்க ஏரியா போர் தண்ணி உப்பு வேற, கண்டிஷனர விட்றாதீங்க. மல்லிப்பூவ முடி ஆறுனப்புறம் வைங்க, இல்லன்னா வதங்கிரும்.