விளம்பரத்துக்கு வராத மேலாளர் வேலை

நாகர்கோவிலில் உட்கார்ந்துகொண்டு, பொது மேலாளர், நிதித் தலைவர் போன்ற பதவிகளுக்கு நாளிதழ் விளம்பரத்தையே புரட்டிக்கொண்டிருந்தால் கை வலிப்பதுதான் மிச்சம். பெரிய நாற்காலி காலியாகும் செய்தி பெரும்பாலும் ஆடிட்டர் காதுக்கும் வங்கி மேலாளர் காதுக்கும்தான் முதலில் எட்டும்.

பலர் கவனிக்காத வழி ஒன்று உண்டு. பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனத்தின் நிதித் தலைவர் விலகினால், அதைப் பங்குச்சந்தைக்குத் தெரிவித்தாக வேண்டும். அறிவிப்பு இணையதளத்திலேயே கிடைக்கும். பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பின் விதிப்படி அந்த இடத்தைப் பொதுவாக 3 மாதத்துக்கு மேல் காலியாக வைக்கவும் கூடாது. ஆக, விலகல் செய்தி வந்த வாரமே கடிதம் எழுதுங்கள்.

நம் மாவட்டத்து ரப்பர், முந்திரித் தொழில்களில் பெரும்பாலானவை குடும்ப நிறுவனங்கள். அங்கே இந்த வித்தை பலிக்காது, ஆள்பழக்கம்தான். கல்யாண வீட்டுப் பந்தியில் பயோடேட்டாவை நீட்டாதீர்கள், அது சங்கடம். "அண்ணாச்சி, உங்கள் தொழிலில் இப்போது யார் புதுப் பிரிவு தொடங்குகிறார்கள்?" என்று மட்டும் கேளுங்கள். வேலை கேட்டால் நழுவுகிறவர்கூட, விவரம் கேட்டால் சாம்பார் ஆறும்வரை பேசுவார். கிளம்பும்முன் இன்னும் ஒருவர் பெயரைக் கேட்டு வாங்குங்கள். வீடு திரும்பியதும் பெயர், தேதி, பேசிய விஷயம் மூன்றையும் குறித்துவையுங்கள். இரண்டு வாரம் கழித்து, நன்றி சொல்ல ஒரு போன்.