கூட்டலும் பெருக்கலும் மட்டும் வைத்து 2-இன் அடுக்கை எழுதுவது எப்படி?

முறைசார் எண்கணிதம் என்பது எண்களைப் பற்றிய கூற்றுகளைக் குறியீடுகளில் எழுதி, விதிகளிலிருந்து நிரூபிக்கும் அமைப்பு. அதன் மொழியில் இருப்பவை கொஞ்சம்தான்: 0, அடுத்த எண், கூட்டல், பெருக்கல், சமம், அப்புறம் 'மற்றும்', 'இல்லை', 'எல்லா', 'ஏதோ ஒரு' போன்ற தர்க்கச் சொற்கள். அடுக்குக்குறி கிடையாது. இருந்தும் கணினி கணக்கிடக்கூடிய எந்தச் சார்பையும் இதில் எழுதிவிடலாம். 2-இன் அடுக்கை வைத்தே செய்து பார்ப்போம்.

படி 1: சின்னக் கருவிகள். 'ர < ம' என்றால், ர + க + 1 = ம ஆகும்படி ஏதோ ஒரு க இருக்கிறது. 'அ-வை ம-ஆல் வகுத்தால் மீதி ர' என்றால், அ = ஈ × ம + ர ஆகும்படி ஏதோ ஒரு ஈ இருக்கிறது, மேலும் ர < ம.

படி 2: கணக்கை வரிசையாக எழுதுங்கள். 1, 2, 4... முதல் எண் 1, அடுத்தடுத்தது முந்தையதைப் போல இருமடங்கு. இப்படி ஒரு வரிசை இருந்து, அதன் ந-ஆம் இடத்தில் வ வந்தால், வ-தான் விடை. இடங்களை 0-இலிருந்து எண்ணுங்கள். சிக்கல் என்னவென்றால், இந்த மொழி எண்களைப் பற்றி மட்டுமே பேசும், வரிசைகளைப் பற்றிப் பேசாது.

படி 3: வரிசையை இரண்டே எண்களில் அடைப்பது. இங்கேதான் நிதானமாக நிற்க வேண்டும். இந்த உத்தி தர்க்கவியலாளர் குர்ட் கோடெல் 1931-இல் வெளியிட்ட கட்டுரையிலேயே இருக்கிறது; பீட்டா சார்பு என்பார்கள். பீட்டா(அ, ஆ, இ) என்பது அ-வை 1 + (இ + 1) × ஆ என்ற எண்ணால் வகுத்தால் வரும் மீதி. அ = 67, ஆ = 2 என்று வையுங்கள். வகுக்கும் எண்கள் 3, 5, 7.

67 = 22 × 3 + 1
67 = 13 × 5 + 2
67 = 9 × 7 + 4

மீதிகளைப் பாருங்கள்: 1, 2, 4! எவ்வளவு நீள வரிசைக்கும் இப்படி இரண்டு எண்கள் உண்டு. வரிசையின் நீளத்தையும் அதிலுள்ள எல்லா எண்களையும் விடப் பெரிய எண் ஒன்றின் தொடர்பெருக்கத்தை (1 முதல் அந்த எண் வரை எல்லாவற்றையும் பெருக்கி வருவதை) ஆ-வாக எடுத்தால், வகுக்கும் எண்களில் எந்த இரண்டுக்கும் பொதுக்காரணி இராது. மிச்சத்தைச் சீன மீதித் தேற்றம் பார்த்துக்கொள்ளும்: அப்படிப்பட்ட எண்களால் வகுத்தால் நாம் கேட்கும் மீதிகளையே தரும் அ ஒன்று இருக்கும் என்கிறது அது. தொடர்பெருக்கம் நம் நிரூபணத்தில்தான் வருகிறது, படி 4-இல் எழுதப்போகும் வாய்பாட்டுக்குள் (formula) வருவதில்லை. புதிதாகப் படிப்பவர்கள் குழம்புவது பெரும்பாலும் இங்கேதான்.

படி 4: சேர்த்து எழுதுங்கள்.

ஏதோ ஒரு அ, ஏதோ ஒரு ஆ இருக்கின்றன: பீட்டா(அ, ஆ, 0) = 1; ந-ஐ விடச் சிறிய எல்லா இ-க்கும் பீட்டா(அ, ஆ, இ + 1) = 2 × பீட்டா(அ, ஆ, இ); மேலும் பீட்டா(அ, ஆ, ந) = வ.

படி 5: வாய்பாடு உண்மையாக இருந்தால் மட்டும் போதாது. ந = 2 என்றால் 'விடை 4', 'வேறு விடை இல்லை' இரண்டையும் விதிகளிலிருந்து நிரூபிக்க வேண்டும். இதற்கு ராபின்சன் எண்கணிதம் என்ற சிறிய விதித் தொகுப்பே போதும்; அதில் தொகுத்தறிதல் விதிகூட (0-க்கு உண்மை, ஒரு எண்ணுக்கு உண்மையானால் அடுத்ததற்கும் உண்மை என்றால் எல்லா எண்ணுக்கும் உண்மை என்பது) கிடையாது. ஆனால் வேறு விடை இல்லை என்று அதில் காட்ட, பொருந்தும் எண்களில் மிகச் சிறியதையே எடுக்கும்படி வாய்பாட்டைக் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கும்.

வேறொரு சார்பு வேண்டுமா? இருமடங்காக்கும் விதியை எடுத்துவிட்டு, கணிப்பொறியின் ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குப் போகும் விதியை அங்கே வையுங்கள். நிலைகளை எண்களாகக் குறித்துவிட்டால் மற்ற படிகளெல்லாம் இதேபோலத்தான்.